சாவுக்கு மட்டும் லீவு

இப்படி உட்காருங்கள். அந்த ஓரத்தில் மேலே குழாய் ஒழுகுகிறது, முதுகெல்லாம் நனைந்துவிடும். காலையில் தெரியாமல் அங்கே உட்கார்ந்து என் முந்தானை ஈரமாகிவிட்டது. பையை நடுவில் வையுங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்.

யாருக்கு உடம்பு சரியில்லை? மாமனாருக்கா? மஞ்சள்காமாலையா. அது பரவாயில்லை, பத்தியமாக இருந்தால் போய்விடும். எங்கள் ஆள் காய்ச்சல் வார்டில் இருக்கிறாள். பெண்கள் பக்கம், கதவை ஒட்டின கட்டில். சொந்தமா என்றால் சொந்தமில்லை. பக்கத்து வீடு. மாராத்தாள் என்று பெயர். என்னைவிட நாலைந்து வயது மூத்தவள், அக்கா என்றுதான் கூப்பிடுவேன்.

பார்க்கிற நேரம்தான், உள்ளே விடுவார்கள். ஆனால் அவளுடைய மகள் கௌசல்யா கட்டிலோரம் உட்கார்ந்திருக்கிறாள். அவள் டீ குடிக்கவோ மருந்து வாங்கவோ கீழே போகட்டும் என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். அவளுக்கும் எனக்கும் பேச்சு இல்லை. முந்தாநாள் இதே வராந்தாவில் நாலு பேர் பார்க்க என்னை என்ன சொன்னாள் தெரியுமா? அதைப் பிறகு சொல்கிறேன். எனக்கு மாராத்தாக்காவிடம் ஒரே ஒரு விஷயம் கேட்க வேண்டும். நாளைக்குத் திங்கட்கிழமை. இன்றைக்கே கேட்டாக வேண்டும்.

நான் குழந்தை பார்க்கிற வேலைக்குப் போகிறேன். பெரிய அடுக்குமாடி, வாசலில் வாட்ச்மேன், உள்ளே நீச்சல்குளம் எல்லாம் உண்டு. மேடத்துக்குக் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. ஷர்மிளா மேடம். வயது என்னைவிடப் பதினைந்து குறைச்சலாக இருக்கும். அவர் வீட்டுக்காரர் பெங்களூரில், வெள்ளிக்கிழமைதான் வருவார். குழந்தை இனியாவுக்கு ஒன்றரை வயது. அதற்கு மொட்டை அடித்துக் காது குத்தியபோது மாமன் மடியில் உட்காரவைத்தார்கள். வீறிட்டு அழுதது பாருங்கள், அய்யர் முதல் ஆசாரி வரை எல்லாரும் சொல்லிப் பார்த்தும் நிற்கவில்லை. கடைசியில் மாமனை எழுப்பிவிட்டு என்னை உட்காரச் சொன்னார்கள். என் மடிக்கு வந்ததும் கம்மென்று இருந்துவிட்டது. நான் பெருமைக்குச் சொல்லவில்லை. அந்தக் குழந்தைக்கும் எனக்கும் அப்படி.

நல்ல இடம். அதை முதலில் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் நான் சொல்கிற மற்றதெல்லாம் அவர்களைக் குறை சொல்வது போல ஆகிவிடும். நான் குடிக்கிற டம்ளரைத் தனியாக வைக்கச் சொன்னதில்லை. தீபாவளிக்குப் புடவை உண்டு. ஒரே ஒரு விஷயம். உடம்பு சரியில்லை என்றால் மட்டும் அவருக்குப் பிடிக்காது.

முன்னால் ஒருத்தி அங்கே வேலை பார்த்தாளாம். காய்ச்சல் என்று சொல்லி வராமல் இருந்துவிட்டாள். சாயங்காலம் மேடம் துணிக்கடைக்குப் போனால் அவளும் அங்கே நின்று புடவையைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாளாம். அன்றிலிருந்து மேடத்துக்குக் காய்ச்சல் என்ற சொல்லே ஆகாது. "காய்ச்சலை யாருக்கா பாத்தா? எல்லாரும் காய்ச்சல்ங்கறாங்க. மாத்திரை போட்டுட்டு வந்துடுங்க, மாஸ்க் தர்றேன்" என்பார். வராவிட்டால் அன்றைய சம்பளம் கிடையாது. ஒரு நாளைக்கு மேல் போனால், "வேற ஆள் பாக்கட்டுமாக்கா?" என்று கேட்பார். கோபமாக இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்பார். அந்தக் கேள்விக்குத்தான் பயப்படுவேன்.

ஆனால் சாவு என்றால் அப்படி இல்லை. சாவு என்றால் உடனே போகச் சொல்லிவிடுவார். சம்பளத்தில் கை வைக்க மாட்டார். "சாவு விஷயத்துல யாரும் பொய் சொல்ல மாட்டாங்கக்கா" என்று ஒருமுறை அவரே என்னிடம் சொன்னார். பாவம், படித்தவர்.

அங்கே வேலை செய்கிற எங்களுக்கெல்லாம் ஜெனரேட்டர் ரூமுக்குப் பின்னால் ஒரு சிமெண்ட் மேடை இருக்கிறது. மத்தியானம் குழந்தைகள் தூங்குகிற நேரம் பார்த்து அங்கே போய்ச் சோற்றுப் போசியைத் திறப்போம். யாருக்கு யார் செத்தார்கள் என்பதெல்லாம் அங்கேதான் முடிவாகும். சிரிக்காதீர்கள், நிஜம்தான். மூன்றாவது மாடியில் சமைக்கிற மும்தாஜ் சொல்வாள், "எம்மாமனாரு எனக்குத் தெரிஞ்சே நாலு தடவ மவுத்தாயிட்டாரு. வூட்டுல கறி எடுத்தா இன்னும் மொதப் பந்தியில அவருதான்." ஒரே தெருவில் இருந்து வருகிறவர்கள் ஒரே சாவைச் சொல்லிவிடக் கூடாது, இந்த வாரம் ஒருத்தி கொழுந்தனாரைச் சொன்னால் இன்னொருத்தி அடுத்த வாரம்தான் சொல்ல வேண்டும், இப்படியெல்லாம் பேசிக்கொள்வோம். எல்லா வீட்டு மேடங்களும் ஒரே ஃபோன் குரூப்பில் இருக்கிறார்களே, ஒருவருக்குத் தெரிந்தால் எல்லாருக்கும் தெரிந்த மாதிரி.

எனக்கு மட்டும் அதில் ஒரு கட்டுப்பாடு இருந்தது. உயிரோடு இருக்கிற யாரையும் நான் சாகடித்ததில்லை. எங்கள் அப்பா நான் பள்ளிக்கூடத்தில் இருக்கும்போதே போய்விட்டார், அதோடுதான் என் படிப்பும் போயிற்று. அவரை ஒருமுறை சொன்னேன். அம்மாவை ஒருமுறை. மாமியாரை ஒருமுறை. எல்லாரும் உண்மையிலேயே செத்தவர்கள்தானே, தேதிதானே முன்னே பின்னே, அதில் யாருக்கு என்ன கெடுதல்? மும்தாஜ் என்னைக் கிண்டல் செய்வாள். "தொளசியக்கா சுடுகாட்டுல இருந்து எந்திரிக்க வெச்சுத் திரும்பப் படுக்க வெக்கிறாங்க" என்பாள். செய்தால் செய்யட்டும். நாக்கில் சனி குடியிருக்கிறது என்பார்கள், நான் அதற்குப் பயந்தவள்.

இப்போது என் வீட்டைச் சொல்ல வேண்டும். என் வீட்டுக்காரர் வார்ப்படப் பட்டறையில் வேலை பார்த்தவர். பெரிய ஆகிருதி. இரண்டு வருடத்துக்கு முன்னால் இடது பக்கம் இழுத்துக்கொண்டது. வாயும் கோணிப்போய்ப் பேச்சு வராது. வலது கை மட்டும் அசையும். அவரைக் கொஞ்ச நேரத்துக்கு ஒருதரம் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும், இல்லாவிட்டால் முதுகில் புண் வந்துவிடும். ஊட்டிவிட வேண்டும், துணி மாற்ற வேண்டும். மகன் திருப்பூரில் இருக்கிறான். இருக்கிறான், அவ்வளவுதான்.

நான் வேலைக்குப் போனால்தான் சோறு. நான் போனால் அவரை யார் பார்ப்பது? அதற்குத்தான் மாராத்தாக்கா. எங்கள் லைன் வீட்டில் கடைசிக் கதவு அவளுடையது. கழிவுப் பஞ்சு பிரிக்கிற வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள், மூச்சு வாங்குகிறது என்று நின்றுவிட்டாள். சும்மா தானே இருக்கிறாய், எங்கள் வீட்டில் வந்து இருந்துகொள் என்றேன். மத்தியானச் சாப்பாடு எங்கள் வீட்டில். சம்பளத்திலும் ஏதோ என்னால் முடிந்ததைக் கொடுப்பேன். பெரிய வேலை ஒன்றும் இல்லை பாருங்கள். உட்கார்ந்திருக்க வேண்டும், அவ்வப்போது புரட்ட வேண்டும். அவ்வளவு பெரிய உடம்பை அவள் ஒருத்தியாக எப்படிப் புரட்டுவாள் என்று எனக்கே ஆச்சரியமாக இருக்கும். ஒரு காலைக் கட்டிலில் முட்டுக் கொடுத்து, "முருகா" என்று ஒரு இழுப்பு. திரும்பிவிடுவார்.

இந்தத் தீபாவளி முடிந்து மழை பிடித்ததே, அப்போது எனக்குக் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல் இல்லை. எலும்பையெல்லாம் கழற்றி மறுபடி மாட்டின மாதிரி வலி. முதல் நாள் மாத்திரை போட்டுக்கொண்டு போனேன். குழந்தையைத் தூக்கினால் கை நடுங்குகிறது. கீழே போட்டுவிடுவேனோ என்று பயம். மறுநாள் எழுந்திருக்கவே முடியவில்லை. பாயில் படுத்தபடியே மேடத்துக்கு ஃபோன் போட்டேன்.

"அக்கா, எங்க இருக்கீங்க? எட்டு மணிக்கு எனக்கு மீட்டிங் இருக்கு."

காய்ச்சல் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சாமி சத்தியமாக. ஆனால் அந்தக் கேள்வி நினைவுக்கு வந்தது. வேறு ஆள் பார்க்கட்டுமாக்கா. வாய் தானாக, "மேடம், ஒரு சாவுங்க" என்றது.

"அய்யோ. யாருக்கா?"

யார் என்று யோசிக்கிறேன். அப்பா ஆயிற்று, அம்மா ஆயிற்று, மாமியார் ஆயிற்று. மாமனாரை என் கல்யாணத்துக்கு முன்பே செத்துவிட்டார் என்று மேடத்திடம் பேச்சுவாக்கில் சொல்லியிருக்கிறேன். செத்தவர்கள் எல்லாரும் தீர்ந்துபோய்விட்டார்கள். தலை கிறுகிறுக்கிறது. அந்த நேரத்தில் மாராத்தாக்கா நிலவேம்புக் கசாயத்தை ஆற்றிக்கொண்டு எனக்கு எதிரில் நிற்கிறாள். "எங்கக்காங்க மேடம். மாராத்தாள்னு" என்று சொல்லிவிட்டேன்.

அவள் காதில் விழவில்லை. விழுந்திருந்தாலும் என்ன, கசாயத்தைக் கையில் கொடுத்துவிட்டு, "கசக்கும், ஒரே மூச்சுல குடிச்சுப்போடு தொளசி" என்றாள்.

மேடம் ஃபோனில் குரலை இறக்கிப் பேசினார். "நீங்க போய்ட்டு வாங்கக்கா. மூணு நாள் எடுத்துக்கங்க. சம்பளத்தப் பத்தி யோசிக்காதீங்க. அவங்களுக்குப் பசங்க இருக்காங்களா?"

"ஒரு பொண்ணுங்க."

"பாவம்" என்றார். எனக்கே அழுகை வந்துவிட்டது.

அந்த மூன்று நாளும் மாராத்தாக்காதான் எங்கள் இரண்டு பேரையும் பார்த்தாள். கட்டிலில் அவர், கீழே நான். அவரைப் புரட்டிவிட்டு வந்து என் தலைக்கு ஈரத்துணி போடுவாள். கஞ்சி வைத்து அவருக்கு ஊட்டிவிட்டு மிச்சத்தை எனக்கு. "நீங்க ரெண்டு பேரும் ஜோடியாப் படுத்துக்கிட்டு என்னயத் தேர் இழுக்க வெக்கிறீங்க" என்று சிரித்தாள். நான் அவள் முகத்தையே பார்க்கவில்லை. பார்த்தால் ஃபோனில் சொன்னது நினைவுக்கு வரும்.

நாலாம் நாள் வேலைக்குப் போனேன். உடம்பு அடித்துப்போட்ட மாதிரிதான், ஆனால் போனேன். குழந்தை ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்டது. மேடம் என் கையைப் பிடித்து, "தைரியமா இருங்கக்கா" என்றார். சாயங்காலம் கிளம்பும்போது ஒரு பை கொடுத்தார். உள்ளே ஒரு சுடிதார் செட், பச்சைக் கலர், ஓரமெல்லாம் பூவேலை. இரண்டு தடவைகூடப் போட்டிருக்க மாட்டார். "அம்மா இல்லாத பொண்ணு. குடுங்கக்கா" என்றார்.

அதை என்ன செய்வது, சொல்லுங்கள். பஸ்ஸில் வழி நெடுக யோசித்தேன். தூக்கி எறியலாமா என்று பார்த்தேன். நல்ல துணி. வீட்டிலேயே வைத்துக்கொண்டால் இன்னும் பாவம், அந்தப் பெண்ணுக்கு என்று கொடுத்தது. கடைசியில் மாராத்தாக்காவிடம் கொடுத்து, "மேடம் கௌசிக்குக் குடுக்கச் சொன்னாங்க" என்றேன். பொய் இல்லையே. அவள் அதை விரித்துப் பார்த்துவிட்டுத் தன் மேலேயே வைத்துப் பார்த்தாள். "மவராசி, நம்மளத் தெரியாமயே குடுத்திருக்குது பாரு" என்றாள். நான் பையை மடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

மறுநாள் மேடையில் மும்தாஜிடம் சொன்னேன். அவள், "அட, இதுக்கா இப்படி இருக்கீங்க? உசுரோட இருக்கறவங்களச் செத்ததாச் சொன்னா ஆயுசு கெட்டியாவும்க்கா. நூறு வயசு இருப்பாங்க" என்றாள். நானும் கேள்விப்பட்டதுதான். ஆனால் அது தெரியாமல் வருகிற புரளிக்குத்தானே? லீவுக்காக நாமே வாயால் சொன்னதற்குப் பொருந்துமா? யாரைக் கேட்பது?

அதற்கு அடுத்த வாரம் மாராத்தாக்காவுக்குக் காய்ச்சல் வந்துவிட்டது.

காலையில் நான் கிளம்பிக்கொண்டிருக்கிறேன். அவள் வரவில்லை. போய்ப் பார்த்தால் போர்வையைத் தலை வரைக்கும் இழுத்துப் போர்த்திக்கொண்டு கிடக்கிறாள். "தொளசி, தலயத் தூக்க முடியல சாமி. இன்னைக்கு ஒரு நாளு நீ பாத்துக்க" என்றாள்.

நான் எப்படிப் பார்த்துக்கொள்வது? இப்போதுதானே மூன்று நாள் முடிந்தது. அந்த வாரம் மேடத்தின் ஆபீஸுக்கு வெளிநாட்டிலிருந்து ஆட்கள் வருகிறார்கள் என்று பத்து நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அவரும் லீவு போட முடியாது, குழந்தை பிறந்தபோதே எல்லா லீவும் போய்விட்டதாம். கௌசல்யா நூல் மில்லில் ஷிப்டுக்குப் போய்விட்டாள். நான் என்ன செய்யட்டும்? மாராத்தாக்காவிடம் மெதுவாகத்தான் சொன்னேன். அதட்டவில்லை. "அக்கா, இங்க தனியாப் படுத்துக் கெடக்கறதுக்கு எங்க வூட்டுல வந்து படுத்துக்க. பாய் விரிச்சுத் தர்றேன். எனக்கு வாங்குன மாத்திரை மிச்சம் இருக்குது. அவரை ரெண்டு தடவ புரட்டிப்போட்டு நீ பாட்டுக்குத் தூங்கு. படுக்கறது எங்க படுத்தா என்ன?" என்றேன். நியாயமாகத்தானே பேசியிருக்கிறேன்?

அவள் ஒன்றும் சொல்லவில்லை. எழுந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். நான் கஞ்சிகூட வைத்துவிட்டுத்தான் போனேன், அவளை வைக்கச் சொல்லவில்லை.

அடுத்த நாளும் வந்தாள். அதற்கடுத்த நாள் கண்ணெல்லாம் சிவந்து கிடந்தது. "ஆஸ்பத்திரிக்குப் போலாமா?" என்று நான்தான் கேட்டேன். "ஞாயித்துக்கிழம போலாம், உனக்கு வேல இல்லாத நாளு" என்று அவளேதான் சொன்னாள்.

அன்றைக்குச் சாயங்காலம் நான் பஸ்ஸை விட்டு இறங்கி வருகிறேன். எங்கள் லைன் வாசலுக்கு வரும்போதே ஒரு சத்தம். டங், டங் என்று. விட்டு விட்டு. எவர்சில்வர் டம்ளரால் இரும்புக் கட்டிலில் அடிக்கிற சத்தம். பகலில் எங்கள் லைனில் யாரும் இருக்க மாட்டார்கள், எல்லாரும் வேலைக்குப் போகிறவர்கள். கதவைத் தள்ளினால் மாராத்தாக்கா கட்டிலுக்குக் கீழே குப்புறக் கிடக்கிறாள். மூக்கில் ரத்தம் வந்து காய்ந்திருக்கிறது. என் வீட்டுக்காரர் பாதி புரண்ட நிலையில், ஒரு பக்கம் தொங்கிக்கொண்டு, அந்த ஒற்றைக் கையால் டம்ளரை அடித்துக்கொண்டே இருக்கிறார். அவரைப் புரட்டும்போது விழுந்திருக்கிறாள். எப்போது விழுந்தாளோ. மத்தியானக் கஞ்சி மூடி வைத்தது மூடியபடியே இருந்தது. அவருடைய விரல் மூட்டெல்லாம் தோல் உரிந்துபோயிருந்தது. என்னைப் பார்த்தும் அவர் நிறுத்தவில்லை. டம்ளரை நான் பிடுங்கிய பிறகுதான் நிறுத்தினார்.

ஆட்டோ வைத்து இங்கே கொண்டுவந்தோம். ரத்தத்தில் பிளேட்லெட் இறங்கிப்போய்விட்டது, இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் அவ்வளவுதான் என்றார்கள். கொசுக்கடி என்கிறார்கள். லைனில் எல்லார் வீட்டிலும் டிரம்மில் தண்ணீர் பிடித்து வைத்திருக்கிறோமே, அதில் வருகிற கொசுவாம். டாக்டருக்கு அவ்வளவுதான் தெரியும். அந்தக் கொசு ஏன் லைனில் இத்தனை பேரை விட்டுவிட்டு மாராத்தாளைத் தேடிக்கொண்டு போனது? அது எனக்கு மட்டும்தான் தெரியும். என் வாய். செத்துவிட்டாள் என்று நான் சொன்ன சொல், ஒரு வாரம் சுற்றிவிட்டு வந்து அவளைப் பிடித்துவிட்டது.

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. வியாழன், வெள்ளி, நேற்றுச் சனிக்கிழமையும் வேலைக்குப் போனேன். என் வீட்டுக்காரருக்குக் கைக்கெட்டுகிற இடத்தில் தண்ணீரும் ரொட்டியும் வைத்துவிட்டு வெளியே பூட்டிக்கொண்டு போனேன். முதுகில் இரண்டு இடத்தில் சிவந்துவிட்டது. அதை நினைப்பேனா, இதை நினைப்பேனா?

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வேலை முடிந்து நேராக இங்கே வந்தேன். கௌசல்யா இந்த வராந்தாவில் நின்றுகொண்டிருந்தாள். அந்தப் பச்சைச் சுடிதாரைப் போட்டுக்கொண்டு. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நல்ல துணி அது ஒன்றுதான் என்று ஆஸ்பத்திரிக்குப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறாள். "அம்மா எப்படி இருக்காங்க கண்ணு?" என்றேன்.

என் முகத்தைப் பார்த்து, "நீங்க மூணு நாள் படுத்தீங்கல்ல? அப்ப எங்கம்மா உங்களையும் சேத்துப் பாத்தாங்கல்ல? அவங்களுக்கு ஒரே ஒரு நாள் விட்டிருந்தா உங்களுக்கு என்ன கொறஞ்சிருக்கும்?" என்றாள். சத்தமாக. வாட்ச்மேன் திரும்பிப் பார்க்கிறான். "காய்ச்சல்ல கெடந்தவங்களை எழுப்பிக் கூட்டிட்டுப் போயிருக்கீங்க. நீங்க நல்லா இருங்க" என்றாள்.

சின்னப் பெண், ஒன்றும் தெரியாது. நான் என்ன ஆபீஸா நடத்துகிறேன்? லீவு கொடுக்க நான் யார்? நானே லீவு இல்லாதவள். அவளுக்குக் கோபம் வர வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது, அது அவளுக்குத் தெரியவே தெரியாது. அதை விட்டுவிட்டு, பாய் விரித்துப் படுக்கவைத்ததைப் போய்ப் பெரிய குற்றமாகப் பேசுகிறாள். நான் திரும்பி வந்துவிட்டேன்.

வருகிற வழியில் எங்கள் மாரியம்மன் கோவிலுக்குப் போனேன். பூசாரி வயதானவர், யாரிடமும் வாய் விட மாட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திருநீற்றுத் தட்டைக் கீழே வைத்துவிட்டு, "எந்தக் காதுல செத்துட்டாள்னு போட்டயோ, அதே காதுல உசுரோட இருக்கறாள்னு போடு. சொன்ன சொல்லத் திருப்பி எடுத்தாத்தான் ஆத்தா எறங்குவா. அப்பறமா மாவௌக்கு எடு" என்றார்.

அந்தக் காது யாருடையது? மேடத்துடையது.

வேலையே போய்விடும் என்று தெரியும். அன்று ராத்திரி பூராவும் தூங்கவில்லை. அந்தக் குழந்தை முகம் வருகிறது, மாராத்தாக்கா முகம் வருகிறது. போனால் போகட்டும், உயிர் பெரிசு என்று முடிவு செய்தேன். நேற்றுச் சனிக்கிழமை, மேடம் காபி குடித்துக்கொண்டிருக்கும்போது போய் நின்றேன். "மேடம், எங்கக்கா சாகலைங்க. அது எங்கக்காவே இல்லைங்க. பக்கத்து வூடு. எனக்குத்தான் காய்ச்சலுங்க. இப்ப அவங்களுக்குக் காய்ச்சலுங்க, ஆஸ்பத்திரியில இருக்கறாங்க" என்று ஒரே மூச்சில் கொட்டிவிட்டேன்.

மேடம் காபியைக் கீழே வைத்தார். "உயிரோட இருக்காங்களா?"

"இருக்கறாங்க மேடம்."

"ஏன்க்கா இப்படி? காய்ச்சல்னா காய்ச்சல்னே சொல்லியிருக்கலாம்ல?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் கேட்டது சரிதானே, சொல்லியிருக்கலாம்.

"நான் அழுதேன் தெரியுமா அன்னைக்கு?" என்றார். பிறகு ஒரு பெருமூச்சு விட்டு, "சரி விடுங்க. நல்லா இருக்காங்கல்ல, அது போதும். திங்கக்கிழமை சீக்கிரம் வந்துடுங்கக்கா. அன்னைக்கு ரொம்ப முக்கியம்" என்றார்.

வேறு யாராவது என்றால் அன்றைக்கே கணக்கு முடித்து அனுப்பியிருப்பார்கள். இவர் ஒன்றும் செய்யவில்லை. அந்த மூன்று நாள் சம்பளத்தை மட்டும் பிடித்துக்கொள்வதாகச் சொன்னார். நியாயம்தானே. யாரும் சாகவில்லையே.

கேளுங்கள், அதிசயத்தை. நேற்றுக் காலையில் நான் சொன்ன சொல்லைத் திருப்பி எடுத்தேன். நேற்றுச் சாயங்காலமே மாராத்தாக்காவுக்குக் காய்ச்சல் இறங்கிவிட்டது. நர்ஸம்மாவிடம் கேட்டேன், பிளேட்லெட் ஏறியிருக்கிறதாம். இன்றைக்கு எழுந்து உட்கார்ந்து தானே கஞ்சி குடித்திருக்கிறாள். எனக்கு நெஞ்சில் இருந்த கல் அப்படியே இறங்கிவிட்டது. என்னால் வந்தது, என்னாலேயே போயிற்று. இனிமேல் சாவுக்கு உயிரோடு இருக்கிற யார் பேரையும் எடுக்க மாட்டேன், சாமி சத்தியம்.

இப்போது நாளைக்குத்தான் கவலை. திங்கட்கிழமை என் வீட்டுக்காரரை யார் பார்ப்பது? மறுபடியும் பூட்டிவிட்டுப் போனால் முதுகு புண்ணாகிவிடும். இப்போதே தனியாகத்தான் கிடக்கிறார், ஒரு மணி நேரத்தில் நான் போயாக வேண்டும். லைனில் எல்லாரையும் கேட்டுப் பார்த்துவிட்டேன், ஒருவரும் ஒழிவாக இல்லை. உங்களுக்கு யாரையாவது தெரியுமா? தெரியாதா. பரவாயில்லை.

இன்றைக்குச் சாயங்காலம் ஒருவேளை வீட்டுக்கு அனுப்பினாலும் அனுப்புவார்கள் என்று நர்ஸம்மா சொன்னார்கள். வீட்டில் ஒரு வாரம் ஓய்வாக இருக்க வேண்டுமாம். ஓய்வுதான், நான் வேண்டாம் என்றா சொல்கிறேன்? அவரைப் புரட்டவே வேண்டாம், கிளம்பும்போது நான் ஒருமுறை, வந்ததும் நான் ஒருமுறை. அவள் கட்டில் பக்கத்தில் இருந்தாலே போதும், அவர் டம்ளரைத் தட்டினால் என்னவென்று பார்க்க ஒரு ஆள். கௌசல்யா எதிரில் இதைக் கேட்டால் ஊரைக் கூட்டிவிடுவாள். அதனால்தான் காத்திருக்கிறேன்.

அதோ, எழுந்துவிட்டாள். ஃப்ளாஸ்க்கை எடுத்துக்கொண்டு போகிறாள், கேண்டீனுக்குத்தான். இந்தப் பக்கம் பார்க்கிறாளா? இல்லை. இறங்கிவிட்டாள்.

நான் உள்ளே போய்விட்டு வந்துவிடுகிறேன். அந்தப் பெண் படியேறி வந்தால் கொஞ்சம் இருமுங்கள், போதும், நான் வந்துவிடுவேன். கேட்பதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? கட்டாயப்படுத்தப் போவதில்லை. முடியாவிட்டால் முடியாது என்று சொல்லட்டும்.

சொல்ல மாட்டாள். அத்தனை காய்ச்சலிலேயே சொல்லவில்லையே.